கிரிமால்டி என்ற பெயர்: மொனாக்கோவின் அரியணை யார் வழியாக வந்தது?

2014 டிசம்பர் 10, மாலை நேரம். மொனாக்கோவில், இளவரசி கிரேஸ் பெயரிலுள்ள மருத்துவமனையில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 5 மணி 4 நிமிடத்துக்குப் பெண் குழந்தை, காப்ரியெல்லா. 5 மணி 6 நிமிடத்துக்கு ஆண் குழந்தை, ஜாக். ஆளுக்கு 21 என்று மொத்தம் 42 முறை பீரங்கி முழங்கியது. முழக்கத்தில் இருவருக்கும் ஒரே கணக்கு. பட்டத்தில் அப்படி இல்லை. இரண்டு நிமிடம் பின்னால் வந்த தம்பி பட்டத்து வாரிசானான். அக்கா வரிசையில் இரண்டாமிடத்துக்குப் போனாள்.

ஆண்பிள்ளைக்கு முதலிடம் தரும் பழைய விதி அது என்று கடந்து போய்விடலாம். ஆனால் மொனாக்கோவின் கதை தெரிந்தவர்களுக்கு அதில் இன்னொன்றும் உறுத்தும். மகனுக்கே முதல் உரிமை என்று இன்றுவரை சொல்லும் இந்தக் குடும்பம், பெரிய நெருக்கடிகளில் மகள்களால்தான் பிழைத்தது. ஒரு முறை அல்ல, மூன்று முறை. இன்று ஆளும் இரண்டாம் ஆல்பர்ட்டின் தகப்பன் வழியைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் கிரிமால்டி வரவே வராது. பொலின்யாக் என்ற பிரெஞ்சுப் பிரபுக் குடும்பம்தான் வரும். அப்படியிருந்தும் 1297 முதல் இன்றுவரை ஒரே வம்சம் என்கிறோம். அந்தத் தொடர்ச்சியைப் பெற்றுத் தந்தது ரத்தம் என்பதைவிட, தேவைப்பட்டபோதெல்லாம் திருத்தி எழுதப்பட்ட சட்டங்களும் உடன்படிக்கைகளும் என்பதுதான் சரி.

முதலில் ஒரு சொல் விளக்கம். மொனாக்கோவில் அரசர் என்று யாரும் இல்லை. ஆள்பவருக்கே இளவரசர் என்றுதான் பட்டம். தமிழில் இளவரசர் என்றால் அடுத்துப் பட்டத்துக்கு வருபவர் என்று தோன்றும். இங்கே அந்தப் பொருள் இல்லை. நாடு என்று பார்த்தால் இரண்டு சதுர கிலோமீட்டர். வசிப்பவர்கள் ஏறக்குறைய 38,000 பேர். அதில் மொனாக்கோ குடியுரிமை உள்ளவர்கள் கால்வாசிதான். தெற்கே மத்தியதரைக் கடல், மற்ற மூன்று பக்கமும் பிரான்ஸ். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் இத்தாலி எல்லை. இந்த இடம்தான் வாரிசுக் கதை முழுவதற்கும் அடிப்படை. இங்கே அடுத்து யார் என்ற கேள்வி ஒருபோதும் வீட்டு விவகாரமாக நின்றதில்லை. பக்கத்திலிருந்த பெரிய வல்லரசு எதுவோ, அதற்கும் அது சொந்த விவகாரமாக இருந்தது.

துறவி உடையில் வந்தவர்

1297 ஜனவரி 8. ஜெனோவா நகரத்து உட்சண்டையில் துரத்தப்பட்ட கிரிமால்டி குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சுவா, பிரான்சிஸ்கன் துறவி வேடத்தில் மொனாக்கோ பாறைமேல் இருந்த கோட்டையின் கதவைத் தட்டினார். துறவிதானே என்று கதவைத் திறந்தார்கள். அங்கிக்குள்ளே வாள் இருந்தது. குடும்பச் சின்னத்தில் கேடயத்தின் இருபுறமும் வாளேந்திய இரண்டு துறவிகள் இன்றும் நிற்கிறார்கள். அரண்மனைக்கு வெளியே அவருக்குச் சிலையும் உண்டு.

இந்தச் சம்பவத்தைத்தான் வம்சத்தின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஆனால் பிரான்சுவாவுக்குப் பிள்ளை இல்லை. பிடித்த கோட்டையும் சில ஆண்டுகளிலேயே கைவிட்டுப் போனது. இன்றைய குடும்பம் அவருடைய உறவினரான முதலாம் ரெய்னியரின் வழி. ரெய்னியரின் மகன் முதலாம் சார்ல்ஸ் 1331இல் பாறையை மீண்டும் பிடித்தார். அதன்பின் மென்டன், ரோக்புரூன் என்ற பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொண்டார். அப்புறமும் ஒரு முறை கையைவிட்டுப் போய்த் திரும்பி வந்தது. ஆக, வம்சத்தின் முதல் பக்கத்திலேயே நேர்வாரிசு இல்லை.

முதல் பெண்வழிச் சிக்கல் 1457இல் வந்தது. கட்டலான் என்ற ஆட்சியாளர் இறந்தபோது மிஞ்சியது குளோடின் என்ற ஒரே மகள், சின்னஞ்சிறுமி. உரிமை அவளுக்குத்தான். ஆனால் அவள் இன்னொரு கிரிமால்டியைத்தான் மணக்க வேண்டும் என்று ஏற்பாடு. அன்டீப் ஊர்க் கிளையைச் சேர்ந்த லாம்பர்ட் மாப்பிள்ளையானார், ஆட்சியும் அவர் கைக்குப் போனது. பங்காளி வீட்டிலேயே மாப்பிள்ளை எடுத்ததால் பெயருக்கும் சேதமில்லை, ரத்தத்துக்கும் சேதமில்லை. அந்தத் தம்பதியின் பிள்ளைகள் காலத்தில்தான் பெரிய சேதம். 1505இல் மூத்தவர் ழானைத் தம்பி லூசியன் கொன்றார். 1523இல் அந்த லூசியனை மருமகன் முறையுள்ள பார்த்தோலோமியோ டோரியா கொன்றார்.

இளவரசர் என்ற பட்டம் இரண்டாம் ஒனொரே காலத்தில், 1612இல் வந்தது. அதுவரை ஸ்பெயினின் பாதுகாப்பில் இருந்தது நாடு. 1641இல் அதே ஒனொரே பெரோன் உடன்படிக்கையின் வழியாகப் பிரான்ஸ் பக்கம் மாறினார். அன்றிலிருந்து மொனாக்கோவின் அரியணையில் ஒரு கண் எப்போதும் பாரிஸிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

வீட்டோடு மாப்பிள்ளை

முதலாம் அந்துவானுக்கு மகள்கள் மட்டுமே. மூத்தவள் லூயிஸ் இப்போலித், 1697இல் பிறந்தவள். அவளுக்கு மாப்பிள்ளை தேடியபோது குடும்பத்துக்குப் பணமும் தேவை, பெயரும் நிலைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவந்தவர் நார்மண்டிப் பகுதியின் பணக்காரக் குடும்பத்தைச் சேர்ந்த ஜாக் தெ மத்தின்யோன். 1715இல் திருமணம். நிபந்தனை ஒன்றுதான்: மாப்பிள்ளை தன் குடும்பப் பெயரையும் சின்னத்தையும் விட்டுவிட்டு கிரிமால்டி ஆக வேண்டும். நம் ஊர் பாஷையில் வீட்டோடு மாப்பிள்ளை. அவர் ஒப்புக்கொண்டார்.

1731 பிப்ரவரியில் அந்துவான் இறந்தார். லூயிஸ் இப்போலித் கணவர் கூட இல்லாமல் தானே மொனாக்கோவுக்கு வந்து குடிமக்களின் விசுவாசப் பிரமாணத்தை ஏற்றாள். ஆணைகளையும் தன் பெயரிலேயே வெளியிட்டாள். மொனாக்கோவின் வரலாற்றில் தன் உரிமையில் உண்மையாகவே ஆண்ட பெண் இவள் ஒருத்திதான். அந்த ஆட்சி ஓர் ஆண்டைக்கூடத் தாண்டவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 29இல் அம்மை நோய் அவளைக் கொண்டுபோனது. 34 வயது.

கணவர் முதலாம் ஜாக் என்ற பெயரில் ஆட்சிக்கு வந்தார். மக்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1733இல் 12 வயது மகன் மூன்றாம் ஒனொரேவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பாரிஸுக்கே திரும்பிப் போனார். பாரிஸில் அவருடைய குடும்பத்தின் மாளிகை இன்னும் இருக்கிறது. மத்தின்யோன் மாளிகை என்று பெயர். இன்றைய பிரெஞ்சுப் பிரதமரின் அலுவலகமும் இல்லமும் அதுதான். பிரெஞ்சுப் பத்திரிகைகள் பிரதமரைக் குறிக்க ‘மத்தின்யோன்’ என்று எழுதும்போது, தெரிந்தோ தெரியாமலோ மொனாக்கோ மாப்பிள்ளை வீட்டாரின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

1733க்குப் பின் ஆண்டவர்கள் எல்லாரும் பிறப்பால் மத்தின்யோன் வழி, பெயரால் கிரிமால்டி. இந்த வழியே 1949 வரை நீடித்தது.

இடையில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793இல் மொனாக்கோ பிரான்ஸோடு இணைக்கப்பட்டது. மூன்றாம் ஒனொரே சிறைக்குப் போனார், 1795இல் இறந்தார். அவருடைய இரண்டாவது மகன் ஜோசப்பின் மனைவி பிரான்சுவாஸ் தெரேஸுக்கு மரண தண்டனை. கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னதால் தண்டனை ஒரு நாள் தள்ளிப்போனது. அந்த ஒரு நாளில் அவள் உடைந்த கண்ணாடித் துண்டால் தன் கூந்தலை அறுத்து, தன் இரண்டு மகள்களுக்குக் கொடுக்கச் சொல்லி வைத்தாள். பிறகு தான் கர்ப்பமில்லை என்று தானே எழுதிக் கொடுத்தாள். 1794 ஜூலை 27இல் கில்லட்டின் என்ற தலைவெட்டும் பொறிக்குப் போனாள். அன்றைக்குத்தான் புரட்சி ஆட்சியின் தலைவரான ரோபெஸ்பியர் வீழ்ந்தார். இன்னும் ஒரு நாள் தாங்கியிருந்தால் அவள் உயிரோடு இருந்திருப்பாள். இந்தப் பெண்ணின் பெயர் வாரிசுப் பட்டியல் எதிலும் இல்லை. ஆனால் அவளுடைய வம்சாவளி பின்னால் இந்தக் கதைக்குள் திரும்பி வரும்.

1814இல் பாரிஸ் உடன்படிக்கை அரியணையைத் திருப்பிக் கொடுத்தது. 1848இல் மென்டனும் ரோக்புரூனும் வரிச்சுமை தாங்காமல் பிரிந்து போயின. அவைதான் நாட்டின் பெரும்பகுதி நிலம். 1861இல் மூன்றாம் சார்ல்ஸ் 40 லட்சம் பிராங்குக்கு அவற்றின் மீதான உரிமையைப் பிரான்ஸுக்கு எழுதிக் கொடுத்தார். மிஞ்சிய பாறையை வைத்துப் பிழைக்க வழி தேடியபோது வந்ததுதான் சூதாட்ட மாளிகை. 1863இல் பிரான்சுவா பிளாங்க் அதன் உரிமத்தை எடுத்தார். 1866இல் அந்தக் குன்றுக்கு சார்ல்ஸின் பெயராலேயே மான்டே கார்லோ என்று பெயர் வைத்தார்கள். 1868இல் ரயில் வந்தது. 1869இல் நேர்முக வரியையே எடுத்துவிட்டார்கள். மொனாக்கோ என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவதெல்லாம் இந்தப் பத்தாண்டில் உண்டானவைதான்.

1918: ஒரே மாதத்தில் இரண்டு காகிதங்கள்

மூன்றாம் சார்ல்ஸின் மகன் முதலாம் ஆல்பர்ட் கடலாராய்ச்சியில் பெரிய பெயர். மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகம் 1910இல் அவர் திறந்ததுதான். வீட்டு வாழ்க்கை அவ்வளவு நன்றாக அமையவில்லை. 1869இல் மணந்த மேரி விக்டோரியா ஹாமில்டன், குழந்தை பிறப்பதற்கு முன்பே அரண்மனையைவிட்டுப் போய்விட்டாள். மகன் லூயி 1870இல் ஜெர்மனியின் பாடன்-பாடனில் பிறந்தார். அங்கேயே தாயிடம் வளர்ந்து, 11 வயதில்தான் தந்தையிடம் வந்தார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் இடையில் கடைசிவரை ஒட்டுதல் ஏற்படவில்லை.

லூயி பிரெஞ்சுப் படையில் சேர்ந்து அல்ஜீரியாவுக்குப் போனார். அங்கே மாரி ஜூலியெத் லூவே என்ற பெண்ணோடு பழக்கம். எளிய குடும்பத்துப் பெண், விவாகரத்தானவள். 1898 செப்டம்பர் 30இல் கான்ஸ்டன்டைன் நகரில் சார்லட் பிறந்தாள். திருமணத்துக்கு ஆல்பர்ட் சம்மதிக்கவில்லை. லூயியும் 1946 வரை வேறு யாரையும் மணக்கவில்லை.

லூயிக்கு முறைப்படி பிள்ளை இல்லையென்றால் அடுத்தது யார்? ஆல்பர்ட்டின் அத்தை புளோரெஸ்டின், ஜெர்மனியின் வுர்ட்டம்பர்க் அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகன் ஊராக் கோமகன் வில்ஹெல்ம். ஆல்பர்ட்டுக்கு அத்தை மகன். மொனாக்கோவிலேயே 1864இல் பிறந்தவர். சட்டப்படி உரிமை உள்ளவர். ஆனால் ஜெர்மானியப் பிரபு, ஜெர்மன் படைத் தளபதி.

பாரிஸின் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தால் கவலை புரியும். 1870 போரில் ஜெர்மனியிடம் தோற்று, இரண்டு மாகாணங்களை இழந்த நாடு அது. தன் தெற்குக் கரையில், நீஸ் நகரத்துக்குப் பக்கத்தில், துறைமுகத்தோடு கூடிய ஒரு பாறை ஜெர்மன் தளபதியின் கைக்குப் போக விடுமா? அதனால்தான் 1911இல் மொனாக்கோவில் ஒரு சட்டம் போட்டு, 12 வயது சார்லட்டை லூயியின் மகள் என்று அங்கீகரித்தார்கள். 1882இல் எழுதிய குடும்ப விதிகளுக்கு அது முரண் என்று பின்னால் தெரிந்தது. அந்த வழி அடைபட்டது.

அப்புறம் உலகப்போர். 1918 ஜூலை 11இல் லிதுவேனியாவின் தேசிய மன்றம் தன் புது நாட்டுக்கு ஓர் அரசரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டாம் மிண்டாகஸ் என்று பட்டப்பெயரும் வைத்தது. அந்த அரசர் வேறு யாருமல்ல, ஊராக் வில்ஹெல்ம்தான். அதற்கு ஆறாம் நாள், ஜூலை 17இல், பாரிஸில் பிரான்ஸும் மொனாக்கோவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. மொனாக்கோவின் சுதந்திரத்தைப் பிரான்ஸ் காக்கும். பதிலுக்கு மொனாக்கோ தன் இறையாண்மையைப் பிரான்ஸின் அரசியல், ராணுவ, பொருளாதார நலன்களுக்கு ஒத்தே பயன்படுத்தும். அரியணைக்கு வருபவர் பிரெஞ்சு அல்லது மொனாக்கோ குடியுரிமை உள்ளவராக, பிரான்ஸ் ஏற்றுக்கொண்டவராக இருக்க வேண்டும். அரியணை காலியானால் மொனாக்கோ பிரான்ஸின் பாதுகாப்பில் ஒரு தன்னாட்சி அரசாகும். இவ்வளவுதான் சாரம்.

இங்கே ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும். ‘வாரிசு இல்லையென்றால் மொனாக்கோ பிரான்ஸோடு சேர்ந்துவிடும்’ என்று பத்திரிகைகளில் அடிக்கடி வரும். உடன்படிக்கையில் இருந்தது இணைப்பு அல்ல, பாதுகாப்பு நாடு என்ற நிலை. நடைமுறையில் வித்தியாசம் எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டால், அதிகமில்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எழுத்தில் இருந்தது அதுதான். மறு ஆண்டு வெர்சாய் உடன்படிக்கையின் 436ஆம் பிரிவில், கையெழுத்திட்ட நாடுகள் எல்லாம் இந்த ஒப்பந்தத்தைக் கவனத்தில் கொண்டதாகப் பதிவு செய்தன. இரண்டு சதுர கிலோமீட்டர் நாட்டின் வாரிசுச் சிக்கலுக்கு உலகப்போரை முடித்த ஒப்பந்தத்தில் இடம் கிடைத்தது.

ஜெர்மன் உறவினருக்குக் கதவு அடைபட்டது. ஆனால் உள்ளே வர ஒருவர் வேண்டுமே? 1918 அக்டோபர் 30இல் ஓர் அரசாணை வந்தது: நேரடி வாரிசு இல்லாதபோது பட்டத்து இளவரசர் தத்து எடுக்கலாம், தத்துப் பிள்ளைக்கு வாரிசு உரிமை முழுதும் உண்டு. 1919 மே 16இல் பாரிஸிலுள்ள மொனாக்கோ தூதரகத்தில் லூயி தன் மகளைத் தத்து எடுத்தார். பெற்ற பிள்ளையைச் சுவீகாரம் எடுத்த தகப்பன். அப்போது அவளுக்கு 20 வயது. தத்து எடுப்பவருக்கு 50 வயதாகியிருக்க வேண்டும் என்றது சிவில் சட்டம். லூயிக்கு 48தான் என்று சட்டம் படித்தவர்கள் இன்றும் சுட்டிக்காட்டுவார்கள். ஆனால் எதிர்த்துக் கேட்கும் பலம் அன்று யாருக்கும் இல்லை. ஜெர்மனி தோற்றிருந்தது. வில்ஹெல்முக்கு லிதுவேனிய அரியணையும் 1918 நவம்பரிலேயே கைநழுவிவிட்டது. ஒரே ஆண்டில் இரண்டு நாடுகளின் அரியணையை எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டிலும் உட்காராமல் போனவர் அவர்.

1924இல் வில்ஹெல்ம் தன் உரிமையை ஒரு பிரெஞ்சு உறவினருக்கு விட்டுக்கொடுத்தார். ஷப்ரியான் குடும்பத்துப் பிரபு. கூந்தலை அறுத்துக் கொடுத்துவிட்டு கில்லட்டினுக்குப் போனாளே பிரான்சுவாஸ் தெரேஸ், அவளுடைய மகள் வழி வந்தவர். ரத்த உறவை மட்டும் பார்த்தால் அவர்கள் பக்கத்தில் நியாயம் உண்டு. 2018இல்கூட அந்த வழியைச் சேர்ந்த ஒருவர் 1918இல் நடந்ததற்கு இழப்பீடு கேட்டுப் பிரெஞ்சு அரசின் மீது வழக்குப் போட்டார்.

சார்லட் பக்கம் வருவோம். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் நெருக்கமானவள் இவள்தான். போர்க்காலத்தில் காயம்பட்டவர்களைப் பராமரிக்கும் செவிலியாக வேலை பார்த்தவள். 21 வயதில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள், பியர் தெ பொலின்யாக். 1715இல் போட்ட அதே நிபந்தனை: பெயரை மாற்ற வேண்டும். 1920 மார்ச்சில், கல்யாணத்துக்குச் சற்று முன், ஓர் அரசாணையின் மூலம் பொலின்யாக் கிரிமால்டி ஆனார். அந்த ஆண்டு டிசம்பரில் மகள் அந்துவானெத், 1923 மே 31இல் மகன் ரெய்னியர். அவளிடம் நாடு எதிர்பார்த்தது நடந்துவிட்டது. தம்பதி 1930இல் பிரிந்தார்கள், 1933இல் விவாகரத்து.

1944 மே 30இல் சார்லட் தன் உரிமையை மகனுக்கு விட்டுக்கொடுத்தாள். மறுநாள் மகனுக்கு 21 வயது நிறைந்தது. அப்பா லூயி 1949 மே 9இல் இறந்தபோது, யாரை உள்ளே கொண்டுவருவதற்காக உடன்படிக்கையும் அரசாணையும் எழுதினார்களோ அவள் ஆட்சிக்கு வரவில்லை. 25 வயது ரெய்னியர் வந்தார். சார்லட் வடபிரான்ஸில், மார்ஷே என்ற ஊரிலிருந்த குடும்பக் கோட்டையில் போய் இருந்தாள். சமூகப்பணி படித்தாள். சிறையிலிருந்து வெளிவந்தவர்கள் தங்கி மறுவாழ்வு தேட அந்தக் கோட்டையைத் திறந்துவிட்டாள். 1977இல் பாரிஸில் இறந்தாள். பிறப்பை வைத்து ஒதுக்கி, பிறகு அதே பிறப்புக்காகவே தேடிப் பிடித்து வாரிசாக்கப்பட்ட ஒரு பெண், கடைசியில் தானாகத் தேர்ந்துகொண்ட வாழ்க்கை அது.

ரெய்னியரின் அவசரம்

1956 ஏப்ரலில் ரெய்னியர் அமெரிக்க நடிகை கிரேஸ் கெல்லியை மணந்தார். அதைத் தேவதைக் கதைபோல எழுதிய பத்திரிகைகள், 1918 உடன்படிக்கை அப்போதும் உயிரோடு இருந்ததைக் கவனித்தால் வேறு மாதிரி எழுதியிருக்கும். தேவாலயத் திருமணம் ஏப்ரல் 19. ஒன்பது மாதமும் நான்கு நாளும் கழித்து, 1957 ஜனவரி 23இல் கரோலின் பிறந்தாள். நாடு நிம்மதியாக மூச்சுவிட்டது. 1958 மார்ச் 14இல் ஆல்பர்ட் பிறந்ததும் கரோலின் வரிசையில் கீழே இறங்கினாள். அப்போது அவளுக்கு வயது ஒன்றரைகூட ஆகவில்லை.

1962இல் பிரான்ஸின் தெ கோல் அரசாங்கத்தோடு வரித் தகராறு. மொனாக்கோவில் குடியேறி வரி கட்டாமல் தப்பிக்கும் பிரெஞ்சுக்காரர்கள்தான் காரணம். அக்டோபர் 12 இரவு எல்லையில் பிரெஞ்சுச் சுங்கச் சோதனை நின்றது. மறு ஆண்டு ரெய்னியர் விட்டுக்கொடுத்தார். அங்கே வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் பிரான்ஸுக்கு வரி கட்ட வேண்டும் என்றானது. இந்தத் தகராறின் நடுவில், 1962 டிசம்பர் 17இல், புது அரசியலமைப்பு வந்தது. பெண்களுக்கு வாக்குரிமை தந்தது, மரண தண்டனையை நீக்கியது. வாரிசுப் பகுதியில் ஒரு பெரிய ஓட்டையையும் வைத்தது. ஆளும் இளவரசரின் நேரடி வழித்தோன்றல்களுக்கும், அவர் எடுக்கும் தத்துப் பிள்ளைக்கும் மட்டுமே உரிமை. உடன்பிறந்தவர்களுக்கு இல்லை.

ரெய்னியர் உயிரோடு இருக்கும்வரை இது உறைக்கவில்லை, மூன்று பிள்ளைகள் இருந்தார்களே. ஆனால் 2002இல் ரெய்னியருக்கு 78 வயது, ஆல்பர்ட்டுக்கு 44. ஆல்பர்ட் திருமணமாகாதவர். அவர் அரியணை ஏறும் நொடியில் ‘ஆளும் இளவரசர்’ மாறிவிடுவார். அக்கா கரோலினும் அவருடைய பிள்ளைகளும் அந்த நொடியிலேயே வரிசையிலிருந்து விழுந்துவிடுவார்கள். வாரிசுப் பட்டியல் வெறும் தாளாகிவிடும்.

2002 ஏப்ரல் 2இல் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். நேரடி வாரிசு இல்லையென்றால் ஆளும் இளவரசரின் உடன்பிறந்தவர்களுக்கும் அவர்களுடைய முறைப்படியான வழித்தோன்றல்களுக்கும் உரிமை. அதே ஆண்டு அக்டோபர் 24இல் பிரான்ஸோடு புது உடன்படிக்கை. வாரிசு யார் என்பதில் பிரான்ஸின் சம்மதம் இனி வேண்டியதில்லை. வாரிசு இல்லையென்றால் பாதுகாப்பு நாடு என்ற பேச்சும் போனது. 84 ஆண்டுகளாகத் தலைக்கு மேல் தொங்கியது இறங்கியது.

அந்தத் திருத்தத்தில் எல்லாரும் பேசாத ஒன்று உண்டு. தத்துப் பிள்ளைக்கு அரியணை உரிமை என்ற வழியை அது எடுத்துவிட்டது. ரெய்னியர் ஆட்சிக்கு வந்ததும், அவர் மகன் ஆல்பர்ட் பட்டத்து இளவரசரானதும், 1919இல் ஒரு தூதரக அறையில் நடந்த தத்தினால்தான். தன் தாய் உள்ளே வந்த கதவை ரெய்னியரே தன் கடைசிக் காலத்தில் சாத்தினார்.

2005 ஏப்ரல் 6இல் ரெய்னியர் இறந்தார். அவருடைய அக்கா அந்துவானெத்தின் குடும்பம் அன்றோடு வரிசையிலிருந்து போனது. கரோலின் இரண்டாம் முறையாக வாரிசானாள், இப்போது 48 வயதில். ஆல்பர்ட், அதற்கு முன்பே தனக்குப் பிறந்திருந்த ஒரு மகனையும் ஒரு மகளையும் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். ஆனால் திருமணத்தில் பிறக்காததால் இருவருக்கும் அரியணை இல்லை. பெற்றோர் பின்னால் திருமணம் செய்துகொண்டால் குழந்தைக்கு உரிமை வரும் என்பது அங்கே விதி. ஆல்பர்ட்டின் தங்கை ஸ்டெபானியின் மூத்த இரண்டு பிள்ளைகள் அப்படித்தான் வரிசைக்குள் வந்தார்கள், மூன்றாவது மகள் வரவில்லை. கரோலினின் மகன் ஆந்த்ரேயாவின் மூத்த மகனும் பெற்றோரின் கல்யாணத்துக்கு முன் பிறந்து, பின் சேர்ந்தவன்தான். சார்லட்டின் பெற்றோருக்கு மட்டும் அந்தக் கல்யாணத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை.

2011 ஜூலையில் ஆல்பர்ட், தென்னாப்பிரிக்காவுக்காக நீச்சலில் பங்கேற்ற சார்லீனை மணந்தார். 2014 டிசம்பரில் இரட்டையர் பிறந்ததும் கரோலின் மறுபடியும் இறங்கினாள்.

ஸ்வீடன் 1980இலேயே மூத்த குழந்தைக்குத்தான் பட்டம், ஆணா பெண்ணா என்ற பேச்சில்லை என்று மாற்றிக்கொண்டது. பெல்ஜியம் 1991இல், லக்சம்பர்க் 2011இல், பிரிட்டன் 2013இல் சட்டம் போட்டன. 2002இல் வாரிசு விதியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்த மொனாக்கோ, இந்த ஒரு வரியை மட்டும் தொடவில்லை. உடன்பிறந்தவர்களுக்குள் ஆணுக்கு முன்னுரிமை என்ற வரி அப்படியே இருக்கிறது. குளோடின், லூயிஸ் இப்போலித், சார்லட் என்று மூன்று பேர் இல்லையென்றால் அந்தப் பெயரே இன்று மிஞ்சியிருக்காது என்பதை நினைக்கும்போது, இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்போதைய வரிசை: ஜாக், காப்ரியெல்லா, பிறகு கரோலின், அவருடைய பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும், அதன்பின் ஸ்டெபானி, அவருடைய பிள்ளைகள். ஜாக்குக்கு 2032 டிசம்பரில் 18 வயதாகும். பிறகு என்றாவது அவனுக்குத் திருமணமாகி ஒரு குழந்தை பிறந்தால், அது பெண் குழந்தையாகவே இருந்தாலும், காப்ரியெல்லா வரிசையில் இன்னொரு படி கீழே இறங்குவாள். அவளுடைய அத்தை கரோலினுக்கு இது இரண்டு முறை நடந்தது.